பள்ளத்தாக்கைக் காட்டியது போதும், மலையையும் காட்டுங்கள்: மலைப் பாதைகளைப் பராமரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மலைப் பாதைகளையும் பார்வை முனைகளையும் பராமரிக்கும் அதிகாரிகளுக்கும் ஊழியர்களுக்கும் வணக்கம்.

விடுமுறை நாட்களில் உங்கள் பொறுப்பில் இருக்கும் மலைகளுக்கு வருகிறவர்களில் குடும்பமாக வருகிறவர்கள் ஏராளம். கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர், முட்டிவலியோடு கைத்தடி ஊன்றி ஏறும் பாட்டி, எல்லோருக்கும் முன்னால் ஓடிவிடும் பையன், ‘மெதுவாப் போடா’ என்று கத்திக்கொண்டே பின்னால் வரும் அப்பா. அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி. என் மகளையும் மாமனாரையும் அழைத்துக்கொண்டு அக்கம்பக்கத்து மலைகளுக்குப் போவது எங்கள் வீட்டில் பழகிப்போன விஷயம். அந்தப் பழக்கத்தில் சேர்ந்த சில எண்ணங்களையும் ஒரு கோரிக்கையையும் உங்கள் முன் வைக்கத்தான் இந்த மடல்.

பெரும்பாலான குடும்பங்களுக்கு மலையில் நடப்பது இதுதான். வண்டியை நிறுத்துகிறோம். கம்பித் தடுப்பு வரை நடக்கிறோம். எட்டிப் பார்க்கிறோம். கீழே பள்ளத்தாக்கு, தூரத்தில் சமவெளி, நடுவில் கொஞ்சம் மேகம். படம் எடுத்துக்கொள்கிறோம். கால் மணி நேரத்தில் பிள்ளைகளுக்குச் சலிப்பு தட்டிவிடுகிறது, கிளம்பிவிடுகிறோம். மலைக்கு வந்து, மலையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறோம். எங்கள் முதுகுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு மேல் பாறை நிற்கிறது. அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்க்கச் சொல்லி யாரும் சொல்லவும் இல்லை.

நீங்கள் வைத்திருக்கும் பலகைகளை நான் தவறாமல் படிக்கிறேன். கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று ஒன்று. குப்பை போடாதே, நெருப்பு மூட்டாதே, தடுப்பைத் தாண்டாதே என்று ஒன்று. எல்லாம் தேவையானவைதான், ஒன்றைக்கூட எடுக்கச் சொல்லமாட்டேன். ஆனால் நாங்கள் நிற்கும் இந்த இடம் எதனால் ஆனது, எப்படி இங்கே வந்தது, இன்னும் என்ன ஆகிக்கொண்டிருக்கிறது என்று சொல்லும் பலகையைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த ஒன்றைத்தான் கேட்கிறேன். பார்வை முனையில் பள்ளத்தாக்கைப் பார்த்து ஒரு பலகை இருக்கட்டும். பாறையைப் பார்த்தும் ஒன்று இருக்கட்டும்.

பாறையில் அப்படி என்ன பார்க்க இருக்கிறது என்று கேட்கலாம். ஒரே ஒரு கல்லை எடுத்துக்கொள்வோம். பாதைக்காக வெட்டிய இடத்தில், மேல்தோல் பெயர்ந்து புது முகம் தெரிகிற கிரானைட். நான்கடி தள்ளி நின்றால் வெறும் சாம்பல் நிறம். கிட்டே போய், பத்து மடங்கு பெருக்கும் சின்ன லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு பார்த்தால் மூன்று விதமான துண்டுகள் பிரிந்து தெரியும். கண்ணாடிச் சில்லு மாதிரி, ஒழுங்கான முகம் எதுவும் இல்லாமல் மங்கலாக மின்னுவது குவார்ட்ஸ். பால்வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ, தலையைச் சாய்த்தால் தட்டையான முகம் ஒன்று பளிச்சென்று ஒளியைத் திருப்பி அடிப்பது ஃபெல்ஸ்பார். கறுப்பாக, ஏடு ஏடாக, நகத்தால் நெம்பினால் உரிந்து வருவது மைக்கா. நம் ஊர்ப் பெரியவர்கள் காக்காப்பொன் என்பார்களே, அந்தக் குடும்பம்தான். மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று பல் பதித்ததுபோல் இறுகியிருக்கும், நடுவில் ஊசி நுழைய இடம் இருக்காது.

ஏன் இப்படி? ஒரு காலத்தில் இது முழுவதும் உருகிய குழம்பாக இருந்தது. மெல்ல ஆறும்போது ஒவ்வொரு படிகமும் வளர்ந்து வளர்ந்து பக்கத்துப் படிகத்தில் முட்டி நின்றது. வேகமாக ஆறியிருந்தால் இவ்வளவு பெரிதாக வளர நேரம் இருந்திருக்காது. தரைக்கு மேல் வழிந்து சீக்கிரம் ஆறிய பசால்ட்டில் பெரும்பாலும் துகள்கள் கண்ணுக்கே தெரியாமல் பொடியாக இருப்பதற்குக் காரணம் அதுதான். ஆக, கண்ணுக்குத் தெரிகிற படிகம் இருக்கிறது என்றால் இந்தக் கல் ஆழத்தில், பூமிக்குள் கிலோமீட்டர் கணக்கில் கீழே, மேலே பெரும் பாறைப் போர்வையோடு, மிக மெதுவாக ஆறியது.

இதைச் சொன்னபோது என் மகள் கேட்டாள்: “அப்போ மேல மூடியிருந்ததெல்லாம் எங்கம்மா போச்சு?”

பாறைகளையும் பூமியையும் ஆராயும் நிலவியல் துறையின் பெரிய கேள்விகளில் ஒன்று அது. ஒரு படிகத்தின் அளவைப் பார்த்ததிலிருந்து அந்தக் கேள்விக்கு வர அவளுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பதிலும் காலடியிலேயே கிடந்தது. பாதையின் குறுக்கே ஓடிய சின்ன ஓடையில் மணல். லென்ஸில் பார்த்தால் அதில் பெரும்பகுதி குவார்ட்ஸ். ஃபெல்ஸ்பாரை மழைநீர் மெல்ல மெல்லக் களிமண்ணாக மாற்றிவிடுகிறது. கறுப்புத் துண்டுகளில் இருக்கும் இரும்பு துருப்பிடித்து மண்ணுக்குச் சிவப்பு ஏற்றுகிறது. குவார்ட்ஸ் மட்டும் எளிதில் அசைந்துகொடுக்காமல் மணலாகத் தங்குகிறது. ஓடை அதை ஆற்றுக்குக் கொண்டுபோகிறது, ஆறு கடலுக்கு. மேலே இருந்த பாறைப் போர்வை அந்த வழியாகத்தான் போயிற்று. பாறை, மண், ஓடை, கடற்கரை நான்கையும் ஒரே இழையில் கோத்துவிடலாம். ஓர் ஓடைக்கரையில் நான்கு வரி எழுதி வைத்தால் போதும். அதற்குத் தனிக் கட்டடம் வேண்டாம், காட்சிக்கூடம் வேண்டாம்.

பலகை என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ‘பல லட்சம் ஆண்டுகள் பழமையான பாறைகள்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதிவைப்பதை விட்டுவிடுங்கள். பல லட்சத்துக்கும் பல கோடிக்கும் உள்ள தூரம் கொஞ்சநஞ்சமல்ல. மலைக்கு மலை அது மாறும். தக்காண பீடபூமியின் பசால்ட் அடுக்குகள் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தையவை, டைனோசர்கள் மறைந்த காலத்தை ஒட்டியவை. கனடாவின் அகாஸ்டா ஆற்றோரம் இருக்கும், சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறிய ‘நைஸ்’ என்ற வகைப் பாறைக்குச் சுமார் 400 கோடி வயது. இரண்டையும் ‘பழைய பாறை’ என்ற ஒரே மூட்டையில் கட்டிப்போட்டால் இரண்டின் கதையும் போய்விடுகிறது. உங்கள் மலையின் வயதை நிலவியலாளர்களிடம் கேட்டு எண்ணாகவே எழுதுங்கள். இந்தியாவில் நிலவியல் ஆய்வுத் துறை 1851 முதல் இருக்கிறது. மற்ற நாடுகளிலும் இதுபோன்ற அமைப்புகள் உண்டு. அவர்கள் பாறை வரைபடங்கள் போட்டு வைத்திருக்கிறார்கள். அந்த வரைபடம் மலையடிவாரத்துக்கு வந்து சேராததுதான் குறை.

அந்தக் கோடிகளைப் பிள்ளைகளுக்குப் புரியவைப்பதும் நடக்கிற காரியம்தான். அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனில், தெற்கு விளிம்பில் 2010இல் ஒரு காலப் பாதை திறந்தார்கள். ஒரு மீட்டர் நடந்தால் 10 லட்சம் ஆண்டு. வழி நெடுக அந்தந்தக் காலத்துப் பாறைகளையே கொண்டுவந்து நட்டிருக்கிறார்கள். அவ்வளவு நீளம் எல்லா இடத்திலும் கிடைக்காது, சரி. மீட்டருக்கு ஒரு கோடி ஆண்டு என்று வைத்துக்கொண்டால் பூமியின் முழு வயதும் 454 மீட்டரில் அடங்கிவிடும். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து பார்வை முனைக்கு எத்தனையோ இடங்களில் அதைவிட அதிக தூரம் நடக்கிறோம். முனையில் முடிகிற மாதிரி அளந்து கல் நட்டால், முடிவுக்கு 54 மீட்டர் முன்னால் ஓடுள்ள விலங்குகள் கடலில் பெருகத் தொடங்குகின்றன. 23 மீட்டர் இருக்கும்போது டைனோசர்கள் வருகின்றன. ஆறரை மீட்டரில் மறைகின்றன. மனித இனம் வருவது கடைசி மூன்று சென்டிமீட்டரில், ஒரு சின்னக் குழந்தையின் செருப்பு அகலம்கூட இல்லை. அந்த 454 மீட்டரும் பாட்டி ஊன்றி நடக்கும் தூரம்தான். எந்த வகுப்பறையிலும் கிடைக்காத பாடம் அந்த நடையிலேயே கிடைத்துவிடும். கையில் அளவு நாடாவும் சில கற்களும் இருந்தால் ஒரு பகலில் அமைத்துவிடலாம் என்பதால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

நிலவியல் என்றால் படித்தவர்களுக்குத்தான் புரியும் என்ற தயக்கம் உங்களுக்கு இருக்கலாம். 1788இல் ஜேம்ஸ் ஹட்டன் என்பவர் நண்பர்கள் இரண்டு பேரோடு படகில் போய் ஸ்காட்லாந்தின் சிக்கர் பாயிண்ட் என்ற கடலோரப் பாறையைப் பார்த்தார். கீழே அடுக்குகள் செங்குத்தாக நின்றன. அவற்றின் தலையைச் சீவினாற்போல் ஒரு கோடு. அதன்மேல் வேறு அடுக்குகள் சற்றே சாய்ந்து படுத்திருந்தன. கடலடியில் கிடைமட்டமாகப் படிந்தவை எப்படிச் செங்குத்தாக நின்றன? நின்றவற்றை எது தேய்த்தது? தேய்ந்ததன்மேல் புதிதாகப் படிய எவ்வளவு காலம் ஆகியிருக்கும்? கருவி எதுவும் இல்லாமல், பார்த்தே கேட்ட கேள்விகள் இவை. பூமிக்குச் சில ஆயிரம் வயதுதான் என்று பலர் நம்பியிருந்த காலத்தில் அந்த ஒரு பாறை பெரிய கதவைத் திறந்துவிட்டது. எது முதலில், எது பிறகு என்று யோசிக்கத் தெரிந்த எந்தப் பிள்ளையும் அதே கேள்விகளைக் கேட்கும். என் மாமனார் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர். ஒரு பாறையில் வெள்ளைக் குவார்ட்ஸ் இழை ஒன்று கறுப்புப் பட்டைகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டு, “வெட்டுனதுதான் பின்னாடி வந்திருக்கும், வெட்டுப்பட்டது முன்னாடியே இருந்திருக்கணும்” என்றார். நிலவியல் மாணவர்களுக்கு முதல் ஆண்டில் சொல்லித்தரும் விதி அது. யாரும் சொல்லித்தராமல் அவரே சொல்லிவிட்டார்.

கதை இல்லாத பாறை என்று ஒன்று கிடையாது. எவரெஸ்டின் உச்சி சுண்ணாம்புக்கல். அதில் கடல் உயிரிகளின் சிதைந்த ஓடுகள் இருக்கின்றன. 8,849 மீட்டர் உயரத்தில் இருப்பது பழைய கடலடி. பூமியின் மேலோட்டில் மெல்ல நகரும் பெரும் துண்டுகளில் ஒன்றான இந்தியத் தட்டு ஆசியாவில் மோதி, நடுவில் இருந்த டெதிஸ் கடல் மூடிக்கொண்டது. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய அந்த மோதல் இன்னும் ஓயவில்லை, இமயமும் இன்னும் எழும்பிக்கொண்டுதான் இருக்கிறது. அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் சார்னகைட் என்ற பாறை இருக்கிறது. கல்கத்தாவில் 1690களில் இறந்த ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறையில் நீலச் சாம்பல் நிறத்தில், எண்ணெய் தடவியது போன்ற மினுமினுப்போடு ஒரு கல் பதித்திருக்கிறார்கள். இருநூறு ஆண்டு கழித்துத் தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலாளர் அதே வகைப் பாறையைச் சென்னைப் பரங்கிமலைப் பக்கம் ஆராய்ந்து, அந்தக் கல்லறைக்காரரின் பெயரையே அதற்கு வைத்தார். இன்று உலகத்தில் எங்கே அந்தப் பாறை கிடைத்தாலும் அதே பெயர்தான். இப்படி ஒன்று உங்கள் மலைக்கும் இருக்கும். தேடிப்பிடித்து எழுதுங்கள்.

அப்புறம், பாறையைத் தனியாகவும் மரம் செடி கொடியைத் தனியாகவும் காட்ட வேண்டாம். இப்போதெல்லாம் சில இடங்களில் மரங்களுக்குப் பெயர் எழுதித் தொங்கவிட்டிருக்கிறீர்கள், நல்ல வேலை. ஆனால் அந்த மரம் ஏன் அங்கே நிற்கிறது என்பதற்குப் பதில் பாதி பாறையில் இருக்கிறது. ஒரு சரிவு முழுக்கக் காய்ந்து கிடக்கும்போது நடுவில் ஒரு வரிசையாகப் பெரணியும் பாசியும் பச்சையாக நிற்கும். அங்கேதான் ஊற்று. மழைநீர் மேல்மண்ணிலும் உடைந்த பாறையின் வெடிப்புகளிலும் இறங்கிப்போய், அடியில் வெடிப்பில்லாத கெட்டிப் பாறை வந்ததும் மேற்கொண்டு இறங்க வழியில்லாமல் பக்கவாட்டில் நகர்ந்து, சரிவு வெட்டும் இடத்தில் வெளியே வருகிறது. பச்சைக் கோட்டைக் காட்டி ‘இதற்குக் கீழே பாறை மாறுகிறது’ என்று ஒரு பலகை சொன்னால், பத்து வயதுப் பிள்ளை அடுத்த மலையில் ஊற்றைத் தானே கண்டுபிடிக்கும்.

பாறைமேல் சாம்பலும் பச்சையும் ஆரஞ்சுமாகப் படை படையாக ஒட்டியிருக்கிறதே, அதைக் கறை என்று நினைத்துக்கொண்டு போகிறவர்கள் எத்தனை பேர்! அது லைக்கன். பூஞ்சையும் பாசியும் ஒன்றுக்கொன்று துணையாக வாழும் உயிர். பூஞ்சை இடமும் ஈரமும் கொடுக்கிறது, பாசி வெயிலில் உணவு செய்து தருகிறது. அதில் பல வகைகள் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராது. உள்ளங்கை அகலம் ஒரு படை இருந்தால், அதைப் பார்க்கிற பாட்டியைவிட அதற்கு வயது கூடுதலாக இருக்கலாம். மெல்லக் கசியும் அமிலத்தால் கல்லைத் தளர்த்தி, மண் உண்டாவதற்கு முதல் வேலையைத் தொடங்கிவைப்பதும் அதுதான். அந்த லைக்கன் மேலேயே சிவப்பு பெயிண்டால் அம்புக்குறி போட்டு, ‘இங்கே வண்டி நிறுத்தாதீர்’ என்று எழுதியிருந்த ஒரு பாறையைப் பார்த்திருக்கிறேன். எழுதியது பராமரிக்கிறவர்களே. மனம் வெறுத்துப்போயிற்று. வருகிறவர்கள் பாறையில் பெயர் கிறுக்குவதைத் தடுக்க நினைக்கும் துறை, முதலில் தன் தூரிகையைக் கீழே வைக்க வேண்டும். கம்பம் நட்டுப் பலகை வையுங்கள், பாறையை விட்டுவிடுங்கள்.

உயரம் ஏற ஏறச் செடிகள் மாறுவதையும் காட்டலாம். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி செல்சியஸ் குறையும். 1802இல் தென்னமெரிக்காவின் சிம்பராசோ மலையில் ஏறிய ஜெர்மானிய இயற்கை அறிஞர் ஹம்போல்ட், எந்த உயரத்தில் எந்தச் செடி என்று மலையின் குறுக்குவெட்டுப் படத்திலேயே பெயர்களை எழுதிவைத்தார். உங்கள் மலைக்கும் அப்படி ஒரு படம் நுழைவாயிலில் இருக்கட்டும். வண்டியின் சன்னல் வழியாகவே பிள்ளைகள் ஒப்பிட்டுக்கொண்டு வருவார்கள்.

இனி நான் சொல்லப்போவது ரசனைக்கானது மட்டும் அல்ல. மலையைப் பார்க்கத் தெரிந்த குடும்பம் மலையில் பாதுகாப்பாக இருக்கும். சரிவில் நிற்கும் மரங்களின் அடித்தண்டு ஒரே பக்கமாக வளைந்து, அதற்கு மேல் நேராக நிமிர்ந்திருந்தால், அங்கே மண் மெல்ல நகர்ந்துகொண்டிருக்க வாய்ப்பு உண்டு. சரிந்த மண்ணோடு சாயும் மரம் ஒவ்வோர் ஆண்டும் வெளிச்சத்தை நோக்கித் தன்னை நிமிர்த்திக்கொள்கிறது. தரையில் புதிதாக நீளவாக்கில் வெடிப்பு, சாய்ந்த கம்பம், தெளிவாக ஓடிய ஊற்று திடீரென்று கலங்குவது, மழை பெய்யும்போதே ஓடையில் நீர் சட்டென்று குறைந்துபோவது. இவையெல்லாம் நிலச்சரிவுக்கு முன் தெரியக்கூடிய அறிகுறிகள். ‘நிலச்சரிவு அபாயப் பகுதி’ என்று மஞ்சள் பலகை வைக்கிறீர்கள். அந்த அபாயம் எப்படி இருக்கும், எதைப் பார்த்தால் உடனே விலகிப் போக வேண்டும் என்றும் அதிலேயே எழுதுங்கள். பாறையின் அடுக்குகள் சாலையை நோக்கிச் சாய்ந்திருந்தால் ஆபத்து கூடுதல், மலைக்குள் நோக்கிச் சாய்ந்திருந்தால் பொதுவாகக் குறைவு. ஒரு படம் போட்டால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிந்துவிடும் இது. மேலே எங்கோ மழை பெய்து, நாம் நிற்கிற இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஓடையில் வெள்ளம் வரலாம் என்பதும், இடி கேட்கத் தொடங்கினால் மொட்டைப் பாறையிலிருந்தும் தனி மரத்தடியிலிருந்தும் உடனே இறங்கிவிட வேண்டும் என்பதும் அதே கணக்கில் வரும்.

கல் எடுப்பதைப் பற்றி. பாதுகாக்கப்பட்ட இடத்திலிருந்து கல்லோ செடியோ எடுத்துப்போகக் கூடாது என்ற விதிக்கு நான் முழு ஆதரவு. சுத்தியலால் பாறையை உடைப்பதற்கும் நான் எதிரி. ஆயிரம் பேர் ஆளுக்கு ஒரு துண்டு உடைத்தால் அந்த முகமே போய்விடும். ஆனால் கூழாங்கல்லைக் கையில் எடுத்த பிள்ளையிடம் காவலர் அதட்டிப் பிடுங்கிப் போட்டால், அது விதியைக் கற்பதில்லை, மலைமேல் பயத்தைத்தான் கற்கிறது. நுழைவாயில் பக்கம், சாலை வேலையில் வெட்டியெடுத்த கற்களை ஒரு குவியலாகப் போட்டு, ‘இங்கே தொடலாம், கீறலாம், உரசலாம்’ என்று எழுதிவையுங்கள். நகத்தின் கடினம் இரண்டரை, இரும்புக் கத்தி ஐந்தரை, ஃபெல்ஸ்பார் ஆறு, குவார்ட்ஸ் ஏழு; எண் கூடியது குறைந்ததைக் கீறும். கனிமவியலாளர் ஃபிரீட்ரிக் மோஸ் 1812இல் வகுத்த அளவுகோல் இது. கத்தியால் குவார்ட்ஸைக் கீறப் பார்த்தால் கல்லில் கீறல் விழாது. கத்தியின் இரும்புதான் கல்மேல் சாம்பல் கோடாக ஒட்டிக்கொள்ளும். அந்தக் கோட்டைப் பார்த்த முகங்கள் விரிவதைப் பார்க்க வேண்டும். ஆசை அங்கே தீர்ந்துவிட்டால் மேலே போய் எதையும் பெயர்க்கத் தோன்றாது.

பாதைகள் விஷயத்தில் எனக்கு ஒரு தெளிவான கருத்து உண்டு. சிகரம் வரை போகும் நீண்ட பாதைகளுக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியையாவது ஒரு மணி நேரத்தில் சுற்றிவரக்கூடிய சின்ன வட்டப்பாதைக்குக் கொடுங்கள். குழந்தையோடும் முதியவரோடும் வருகிறவர்களுக்கு உச்சி முக்கியம் இல்லை. நின்று பார்க்க ஏழெட்டு இடம், உட்கார ஒரு திண்டு, பக்கத்தில் சுத்தமான கழிப்பறை, முடிந்தவரை சக்கர நாற்காலி போகக்கூடிய தரை. அவ்வளவுதான். சாலை அகலப்படுத்தும்போது வெட்டிய முகங்கள் எல்லாவற்றையும் சிமெண்ட் பூசி மூடிவிடுகிறார்கள். சரிவைத் தாங்க அது வேண்டியதாக இருக்கலாம். ஆனாலும் உறுதியான, விழும் அபாயம் இல்லாத ஒரு முகத்தைப் பொறியாளரைக் கேட்டுத் திறந்தே விட்டு, வண்டி ஒதுங்க இடமும் கொடுத்தால், மலையின் உள்ளே எட்டிப் பார்க்க அதைவிட நல்ல சன்னல் கிடைக்காது. மடிப்பு மடிப்பாக வளைந்த பட்டைகளும் வெங்கச்சங்கல் என்கிற குவார்ட்ஸ் இழைகளும் அங்கேதான் தெளிவாகத் தெரியும். கெட்டியான பாறை இப்படித் துணி மாதிரி மடியுமா என்று கேட்காமல் யாரும் அதைக் கடந்து போகமாட்டார்கள். ஆழத்தில், சூட்டிலும் அழுத்தத்திலும், லட்சக்கணக்கான ஆண்டுகளில் அது மடியும்.

பலகை பேசாததை ஆள் பேச வேண்டும். உங்களிடம் வேலை செய்யும் வழிகாட்டிகளும் காவலர்களும் எந்த ஊற்று கோடையில் வற்றும், எந்த வளைவில் ஒவ்வொரு மழைக்கும் கல் உருளும் என்று உள்ளங்கை ரேகைபோல அறிந்தவர்கள். அவர்களுக்குப் பக்கத்துக் கல்லூரியின் நிலவியல் துறையிலிருந்து சில நாள் பயிற்சி கொடுங்கள். அந்தத் துறையினரையும் அவர்களிடமிருந்து கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள். யுனெஸ்கோ நிலவியல் பூங்காக்கள் உலகம் முழுக்க 200ஐத் தாண்டிவிட்டன. அந்த மண்ணின் மக்களையும் சேர்த்துக்கொண்டு நடத்த வேண்டும் என்பது அவற்றுக்கான அடிப்படை நிபந்தனைகளில் ஒன்று. அந்தப் பட்டியலில் இடம் பெறுவது நெடுங்காலத் திட்டம். அது வரும்போது வரட்டும், வழிகாட்டிக்கு லென்ஸ் வாங்கித் தர அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

தொடங்க ஒரு நாள் வேண்டுமென்றால் இருக்கிறது. அக்டோபர் 6 பன்னாட்டு நிலவியல் பன்மை நாள், 2021இல் யுனெஸ்கோ அறிவித்தது. டிசம்பர் 11 பன்னாட்டு மலைகள் நாள். இரண்டில் ஒன்றுக்கு, உங்கள் பொறுப்பில் இருக்கும் மலைகளில் ஒரே ஒரு பார்வை முனையைத் தேர்ந்தெடுங்கள். தடுப்புக்கு எதிர்ப்பக்கம், பாறைக்கு முன்னால் ஒரு பலகை வையுங்கள். அதில் கல்லின் பெயர், வயது, எப்படி உண்டானது, பக்கத்தில் போய் எதைப் பார்க்க வேண்டும் என்று பத்து வரிக்குள் எழுதுங்கள். குழந்தையின் கண் எட்டும் உயரத்தில் வையுங்கள். எழுதுவதற்கு முன், வந்துபோகும் சில குடும்பங்களிடம் படித்துக் காட்டி, எது புரியவில்லை என்று கேளுங்கள். எந்த மலையில் வைக்கப்போகிறீர்கள் என்று முன்கூட்டியே அறிவித்தால், படித்துப் பார்த்துச் சொல்ல நாங்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
குடும்பத்தோடு மலையேறும் ஒருத்தி